மூணு நம்பர் சீட்டும் ஸ்கூல் குலுக்கலும் ஒண்ணா? ஏற்காடு வாசகிக்கு ஒரு ஆடிட்டரோட பதில்

கேள்வி: அண்ணா, நாங்க ஏற்காடு மலையில காபி எஸ்டேட் பக்கம் குடியிருக்கோம். வீட்டுக்காரர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில கொலுசு பட்டறையில வேலை, வாரக் கடைசியில தான் மேல வருவாரு. பட்டறையில எல்லாரும், கேரளா லாட்டரியில வர்ற நம்பரை வெச்சு இங்க தனியா ஆள் நடத்தற மூணு நம்பர் சீட்டு வாங்கறாங்க, இவரும் தினம் ரெண்டு. சீட்டு 60 ரூபா. மூணு நம்பரும் வந்தா 25,000, கடைசி ரெண்டு வந்தா 1,000, கடைசி ஒண்ணு வந்தா 100. கேட்டா "கேரளா கவர்மெண்ட் நம்பர், ஃபிராடு பண்ண முடியாது, அந்த காலத்துல நம்ம கவர்மெண்டே நடத்தலையா"ங்கறாரு. ஓணம் பம்பர்லயும் நாலு பேரோட பங்கு போட்டிருக்காரு. இதுபோக பட்டறையில ஒரு குலுக்கல் சீட்டு இருக்கு, நூறு பேர், மாசம் ஆயிரம், இருபது மாசம், அதுல என்னையும் சேரச் சொல்றாங்க. கடைசியா ஒண்ணு, பாப்பாவுக்கு பிரைவேட் ஸ்கூல்ல 25 பர்சண்ட் இலவச சீட்டுக்கு போட்டோம், குலுக்கல்ல பேர் வரல. எல்லா குலுக்கலும் ஏமாத்து தானா?

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர்ல நாலு விஷயம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்குது. நாலுமே குலுக்கல் தான், ஆனா நாலும் ஒண்ணு இல்ல. நம்பர் நேர்மையா வருதாங்கறது பாதி கேள்வி மட்டும் தான். பேர் வராதவங்க கைய விட்டு என்ன போகுது, மிச்சம் நிக்கற காசு யார் பைக்கு போகுது, இந்த ரெண்டையும் பாத்தா தான் கணக்கு முழுசாகும். உங்க வீட்டுக்காரர் முதல் பாதிய மட்டும் பாத்துட்டு நிம்மதியா இருக்காரு.

அவரு சொல்றதுல ஒண்ணு சரி, அதை மறுக்க மாட்டேன். கேரளா நம்பரை சேலத்துல சீட்டு விக்கறவரால மாத்த முடியாது. ஆனா அதை மாத்த வேண்டிய அவசியமே அவருக்கு இல்லங்க. 000-ல இருந்து 999 வரைக்கும் ஆயிரம் நம்பர், ஆயிரத்தையும் ஆளுக்கு ஒண்ணா வாங்கிட்டாங்கன்னு வெச்சுக்குவோம், வசூல் 60,000 ரூபா. மூணும் பொருந்தறது ஒருத்தருக்கு, 25,000. கடைசி ரெண்டு மட்டும் பொருந்தறது 9 பேருக்கு, 9,000. கடைசி ஒண்ணு மட்டும் பொருந்தறது 90 பேருக்கு, அதுவும் 9,000. ஆக வெளிய போனது 43,000, நடத்தறவர்கிட்ட நின்னது 17,000. எந்த நம்பர் வந்தாலும் சராசரியா இதான் கணக்கு. இதுல ஃபிராடு எதுக்குப் பண்ணணும், நேர்மையா நடத்தினாலே நூத்துக்கு 28 ரூபா நிக்குதே.

இப்ப உங்க வீட்டுக்கு வருவோம். ஒரு நாளைக்கு 120 ரூபா, ஒரு நாள் விடாம வாங்கினா வருஷத்துக்கு 43,800. அதுல சின்ன சின்ன பரிசா திரும்பி வர்றது சராசரியா 13,140 ரூபா, மீதி 30,660 போயே போச்சு. சரி, அந்த வருஷத்துல ஒரு தடவை அந்த 25,000-மே விழுந்துடுச்சுன்னு வெச்சுக்குங்க, பட்டறையே கைதட்டும், வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிட்டு வருவாரு, அப்பவும் வருஷக் கணக்குல 5,660 ரூபா நஷ்டம். இப்படி தினம் ரெண்டு சீட்டு வாங்கற நூறு பேர்ல கிட்டத்தட்ட 48 பேருக்கு வருஷம் பூரா அந்த பெரிய பரிசு ஒரு தடவை கூட விழாது. விழுந்தவங்கள பத்தி தான் டீக்கடையில பேச்சு வரும், இந்த 48 பேரை யாரும் பேச மாட்டாங்க.

ஆளை விடாம பிடிச்சு வெச்சிருக்கறது அந்த 25,000 இல்ல, அந்த 100 ரூபா தான். ரெண்டு சீட்டுலயும் கடைசி நம்பர் வேற வேறயா இருந்தா அஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஏதாவது ஒண்ணு பொருந்திடும், அப்ப "இன்னைக்கு கிட்ட வந்துட்டேன்"னு ஒரு நெனப்பு வரும், அந்த நூறு ரூபா அங்கயே அடுத்த சீட்டா மாறிடும், வீடு வந்து சேராது. 1998-ல மத்திய அரசு கொண்டு வந்த லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், அரசாங்கமே நடத்தற லாட்டரியில கூட ஒத்தை நம்பருக்குப் பரிசு குடுக்கக் கூடாதுன்னு தடை போட்டிருக்கு. அந்த ஒத்தை நம்பர் பரிசு ஜனங்களை எப்படி இழுக்குதுன்னு யோசிச்சா அந்தத் தடையோட அருமை புரியும்.

அப்புறம் சார்ட் போட்டு விக்கறது, நேத்து வந்த நம்பர் இன்னைக்கு வராது, இந்த நம்பர் ரொம்ப நாளா வரல அதனால வந்தே ஆகணும்ங்கறது, இதெல்லாம் சுத்தமா ஆதாரம் இல்லாத பேச்சு. நேத்து என்ன வந்துச்சுன்னு அந்த மிஷினுக்குத் தெரியாது. 417 நேத்து வந்திருந்தாலும் இன்னைக்கும் அதுக்கு ஆயிரத்துல ஒரு வாய்ப்பு தான், ஒரு வருஷமா வராம இருந்தாலும் அதே ஆயிரத்துல ஒண்ணு தான்.

வெளியில நடக்கற நம்பரை கடன் வாங்கி ஆட்டம் நடத்தற இந்த ஐடியா நம்ம ஊர்க்காரங்க கண்டுபிடிச்சது இல்ல. அமெரிக்காவுல நியூயார்க் ஹார்லெம் பகுதியில நூறு வருஷம் முன்னாடியே கூலி ஜனங்க மத்தியில இதே மூணு நம்பர் ஆட்டம் ஓடுச்சு, பேப்பர்ல வர்ற பேங்க் கிளியரிங் தொகையோட நம்பர், குதிரைப் பந்தய வசூல் நம்பர் இதை எல்லாம் எடுத்து ஆடினாங்க. பாம்பேல மட்கா ஆரம்பிச்சதே நியூயார்க் காட்டன் எக்ஸ்சேஞ்சுல இருந்து வர்ற பஞ்சு விலைய வெச்சு தான். நம்பர் எங்கயோ தூரத்துல, நம்பிக்கையான இடத்துல வருதுன்னா ஜனங்க கணக்கை கேக்க மாட்டாங்க, அதான் காரணம். அதுக்காக அரசாங்க நம்பர்ல யாருமே கை வெச்சதில்லன்னும் இல்ல. பென்சில்வேனியா மாகாண லாட்டரியில 1980 ஏப்ரல் 24 அன்னைக்கு 4, 6 ரெண்டு பந்து தவிர மத்த பந்துக்குள்ள எல்லாம் பெயிண்ட் ஊசி போட்டு எடைய ஏத்தி வெச்சாங்க, 666 வந்துச்சு, அதுவும் மூணு நம்பர் ஆட்டம் தான். டிவியில குலுக்கலை நடத்திக் காட்டின அறிவிப்பாளரே அதுல தண்டனை வாங்கினாரு.

சட்டத்தையும் சொல்லிடறேன். தமிழ்நாட்டுல 2003 ஜனவரில இருந்து எல்லா லாட்டரி விற்பனைக்கும் தடை. மேல சொன்ன 1998 சட்டத்துல விக்கறவர் மட்டும் இல்ல, சட்டத்துக்குப் புறம்பான சீட்டை வாங்கறவரும் மாட்டலாம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலுக்கு இடம் இருக்கு. அதைவிட நடைமுறையில முக்கியமானது ஒண்ணு: பந்தயக் காசை கோர்ட்டுக்கு போய் கேக்க முடியாது, ஒப்பந்தச் சட்டம் 30-ஆவது பிரிவுப்படி அந்த மாதிரி ஒப்பந்தமே செல்லாது. நாளைக்கே எல்லாரும் வாங்கற 786 மாதிரி ஒரு நம்பர் விழுந்து நடத்தறவர் ஃபோனை ஆஃப் பண்ணிட்டாருன்னா உங்க வீட்டுக்காரர் யார்கிட்டயும் போய் நிக்க முடியாது.

"கவர்மெண்டே நடத்துச்சே"ங்கறதுக்கு வர்றேன், அது நியாயமான கேள்வி தான். 1968-ல அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப தமிழ்நாடு பரிசுச் சீட்டு வந்துச்சு, "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு"ன்னு அவர் சொன்னதா எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முந்தின வருஷமே கேரளா ஆரம்பிச்சுட்டாங்க, சீட்டு ஒரு ரூபா, முதல் பரிசு 50,000, முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. இங்க 1975-ல கருணாநிதி நிறுத்தினாரு, அப்புறம் மறுபடியும் வந்துச்சு, வெளி மாநில சீட்டு, சுரண்டல் லாட்டரின்னு தொண்ணூறுகள்ல தெருவுக்குத் தெரு கடை. நம்ம சேலத்துல பஸ் ஸ்டாண்ட் பக்கம் மைக் வெச்சு கூவி கூவி வித்ததை பாத்தவங்க இன்னும் இருக்காங்க. கூலி வாங்கின கையோட அங்கயே நின்னு சுரண்டிட்டு வெறுங்கையோட வீட்டுக்கு போனவங்களையும் பாத்திருக்காங்க. அதான் கடைசியில 2003-ல ஜெயலலிதா ஆட்சியில மொத்தமா தடை ஆச்சு, அந்தத் தடை சரிதான்னு நான் உறுதியா நம்பறேன்.

அரசாங்கம் லாட்டரி நடத்தறது உலகத்துலயே ரொம்ப பழைய பழக்கம் தான். 1440-கள்ல இப்ப பெல்ஜியம், நெதர்லாந்து இருக்கற பக்கத்து ஊர்கள்ல கோட்டைச் சுவர் கட்ட சீட்டு வித்தாங்க. இங்கிலாந்துல முதலாம் எலிசபெத் ராணி துறைமுகங்களை சரி பண்ண 1567-ல அறிவிச்சு 1569-ல லண்டன் செயின்ட் பால்ஸ் சர்ச் வாசல்ல குலுக்கினாங்க, சீட்டு வாங்கறவங்களை சின்ன குத்தத்துக்கு கைது பண்ண மாட்டோம்னு சலுகை வேற, அப்படியும் எதிர்பாத்த மாதிரி விக்கல. பிரிட்டிஷ் மியூசியம் 1753-ல லாட்டரி காசுல உருவாச்சு. நம்ம நாட்டுல கல்கத்தா டவுன் ஹால், அங்க பல ரோடு எல்லாம் லாட்டரி காசு, 1817-ல அதுக்குன்னே லாட்டரி கமிட்டி போட்டாங்க. இங்கிலாந்து அரசாங்கமே 1826-ல லாட்டரிய நிறுத்திட்டு, 1994-ல தான் நேஷனல் லாட்டரிய கொண்டு வந்துச்சு.

இதுல எல்லாம் மிச்சக் காசு சுவராச்சு, ரோடாச்சு. கேரளாவுல இன்னைக்கும் காருண்யா லாட்டரி வருமானத்துல கேன்சர், கிட்னி நோயாளிங்க சிகிச்சைக்கு உதவி போகுது. அண்ணா சொன்னதுல "விழாவிட்டால்"னு ஒரு பாதி இருக்கு பாருங்க, பட்டறை மூணு நம்பர்ல அந்தப் பாதியே கிடையாது. விழலைன்னா அது நாட்டுக்கும் போகல வீட்டுக்கும் வரல, ஒருத்தர் பாக்கெட்டுக்குப் போகுது. ஆனாலும் ஒளிக்காம சொல்றேன், அரசாங்கம் நடத்தினாலும் வாங்கறவரோட சராசரிக் கணக்கு நஷ்டம் தான். ரோட்டுக்கு காசு வேணும்னா வரி போடட்டும், இருக்கறவன்கிட்ட வாங்கட்டும், ஏழை ஜனங்க ஆசைய வெச்சு வசூல் பண்ண வேண்டாங்கறது என்னோட கருத்து.

ஓணம் பம்பருக்கு வருவோம். கேரளா எல்லைக்குள்ள போய் கடையில காசு குடுத்து வாங்கியிருந்தா அது அங்க செல்லுபடியாகற சீட்டு, வெளி மாநிலத்துக்காரருக்கும் பரிசு தருவாங்க. 2023 ஓணம் பம்பர் 25 கோடி நம்ம தமிழ்நாட்டுக்காரங்க நாலு பேர் சேர்ந்து வாங்கின சீட்டுக்குத் தான் விழுந்துச்சு. ஆனா கேரளா லாட்டரி பேப்பர் சீட்டா மட்டும் தான் விக்குது, வாட்ஸ்ஆப்ல போட்டோ அனுப்பி "உங்க சீட்டு என்கிட்ட பத்திரமா இருக்கு"ங்கறதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது, சீட்டு யார் கையில இருக்கோ அவங்க தான் கிளெய்ம் பண்ண முடியும். அதனால உங்க வீட்டுக்காரரும் கூட பங்கு போட்டவங்களும் குலுக்கலுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல சீட்டு நம்பர், யாருக்கு எவ்வளவு பங்கு எல்லாம் எழுதி கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒரு காப்பி வெச்சுக்கணும். விழுந்தா 30 நாளைக்குள்ள ஒப்படைக்கணும். 25 கோடின்னா 25 கோடி கைக்கு வராது, ஏஜென்ட் கமிஷன் போகும், 30 சதவீதம் வருமான வரி, அது மேல சர்சார்ஜ், செஸ். எவ்வளவு சீட்டு வாங்கி தோத்திருந்தாலும் அந்தச் செலவை இதுல கழிக்க முடியாது. 2022-ல 25 கோடி விழுந்த ஒரு ஆட்டோ டிரைவர், காசு கேட்டு வர்ற ஜனங்களால வீட்டுல இருக்க முடியலன்னு சில நாள்லயே வருத்தப்பட்டுப் பேசினாரு. வருஷத்துக்கு ஒரு தடவை பங்கு போட்டு வாங்கறதை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். தினம் 120 தான் என் கவலை.

குலுக்கல் சீட்டுல தயவுசெஞ்சு சேராதீங்க. நீங்க எழுதின விவரப்படி 100 பேர், மாசம் 1,000, 20 மாசம். மாசா மாசம் ஒருத்தர் பேர் எடுத்து 20,000 குடுப்பாங்க, பேர் வந்தவங்க அப்புறம் கட்ட வேண்டாம், கடைசியில மீதி எல்லாருக்கும் தலா 20,000. கேக்க நல்லா இருக்கு, யாருக்கும் நஷ்டமே இல்லாத மாதிரி. கூட்டிப் பாருங்க. முதல் மாசம் 100 பேர் கட்டுவாங்க, ரெண்டாவது மாசம் 99, அப்படியே குறைஞ்சு 20-ஆவது மாசம் 81 பேர், மொத்த வசூல் 18,10,000. குடுக்க வேண்டியது 100 பேருக்கு 20,000 வீதம் 20,00,000. நடத்தறவர் ஒரு ரூபா லாபம் எடுக்கலன்னாலும் 1,90,000 துண்டு விழுது. அதை உங்க காசை வட்டிக்கு விட்டு தான் எடுக்கணும், அந்த வட்டிக்காரங்க ஏமாத்திட்டா 19-ஆவது மாசம் ஆளே இருக்க மாட்டாரு. இந்த வகைய 1978-லயே பரிசுச் சீட்டு தடைச் சட்டம்னு போட்டு நாடு முழுக்க தடை பண்ணியாச்சு. ஏலச்சீட்டு வேற, அது 1982 சட்டப்படி பதிவு பண்ணி நடக்கறது, எல்லாரும் கடைசி வரைக்கும் கட்டுவாங்க, தள்ளிப் போற காசு மெம்பருங்களுக்கே டிவிடெண்டா வரும், நடத்தறவர் கமிஷனுக்கு 7 சதவீதம்னு வரம்பு இருக்கு. சேரணும்னா பதிவு நம்பர் கேட்டு சேருங்க.

குலுக்கலோட ருசியும் வேணும் முதலும் பத்திரமா இருக்கணும்னு நெனச்சா அதுக்கும் ஒரு வழிய பிரிட்டன் 1956-ல கொண்டு வந்துச்சு, பிரீமியம் பாண்ட்னு பேரு. போட்ட காசு எப்ப வேணா முழுசா திரும்ப வாங்கலாம், வட்டிய மட்டும் எல்லார்கிட்ட இருந்தும் சேத்து குலுக்கல்ல பரிசா குடுப்பாங்க, பேர் வராதவங்க இழக்கறது வட்டி மட்டும். நம்ம நாட்டுல இப்படி ஒண்ணு வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை, இப்போதைக்கு இல்ல. இருக்கறது போஸ்ட் ஆபீஸ் ஆர்டி. அதே 120 ரூபாய மாசம் 3,600-ஆ கட்டினா 6.7 சதவீத வட்டிக் கணக்குல அஞ்சு வருஷத்துல கட்டினது 2,16,000, கைக்கு வர்றது இரண்டரை லட்சத்துக்கு மேல. பட்டறையில சனிக்கிழமை பட்டுவாடான்னா அன்னைக்கே உங்க கணக்குக்கு ஜிபே பண்ணச் சொல்லி கேட்டுப் பாருங்க. சண்டையா ஆரம்பிக்காதீங்க, மேல எழுதின கணக்கை ஒரு பேப்பர்ல அவரையே போட்டுப் பாக்கச் சொல்லுங்க, கொலுசுக்கு கிராம் கணக்கு பாக்கற மனுஷனுக்கு இது புரியாம இருக்காது. நிறுத்தணும்னு நெனச்சும் முடியல, கடன் வாங்கி போடறாரு, பொய் சொல்றாருன்னா அது பழக்கம் இல்ல, நோய். அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்கு கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில மனநலப் பிரிவுக்கும் கூட்டிட்டு போகலாம்.

கடைசியா பாப்பா ஸ்கூல் விஷயம். இதை மத்ததோட சேக்காதீங்க தங்கச்சி. இங்க நீங்க காசு எதுவும் கட்டல, பேர் வராததால இருந்தது எதுவும் போகல. சீட்டு பத்து, கேக்கறவங்க அம்பது பேர்னா எப்படிப் பிரிக்கறது? தெரிஞ்சவங்க சிபாரிசுல குடுக்கலாம், நன்கொடை வாங்கிட்டு குடுக்கலாம், மூணு வயசுப் பிள்ளைக்கு பரீட்சை வெக்கலாம், எல்லாத்துலயும் எஸ்டேட் கூலி வீட்டுப் பிள்ளை தான் கடைசியில நிக்கும். குலுக்கல்ல மட்டும் தான் உங்க பாப்பா பேரும் மத்தவங்க பேரும் ஒரே அளவு துண்டுச் சீட்டா இருக்கும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி உத்திரமேரூர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துல இதுக்காகத் தான் குடவோலை வெச்சாங்க. தகுதி இருக்கறவங்க பேரை ஓலையில எழுதி குடத்துல போட்டு, கலக்கி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க, ஏரி வாரியம், தோட்ட வாரியத்துக்கு எல்லாம் ஆள் அப்படித் தான் வந்தாங்க. நிலம், வீடு, வேதம் தெரிஞ்சிருக்கணும்னு அந்தக் காலத்து தகுதி இருந்துச்சு, அது எல்லாருக்குமான தேர்தல் இல்ல, ஆனா குடத்துக்குள்ள போன அப்புறம் யார் செல்வாக்கும் எடுபடாது. அவங்க கலக்கறதுக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் குடுத்தாங்கன்னா, சரியா கலக்கலன்னா குலுக்கல் கெட்டுடும். 1969 டிசம்பர்ல வியட்நாம் போருக்கு பசங்களை எடுக்க அமெரிக்கா பிறந்த தேதிய கேப்சூல்ல போட்டு குலுக்கினாங்க, டிசம்பர் மாச கேப்சூலை கடைசியா போட்டு சரியா கலக்கல, அந்த மாசத்துல பிறந்த பசங்க தான் அதிகமா முன்னாடி நம்பர்ல மாட்டினாங்க.

அதனால குலுக்கலே தப்புன்னு சொல்லாம, எப்படி நடந்துச்சுன்னு கேளுங்க, அது உங்க உரிமை. பெத்தவங்க முன்னாடி நடந்துச்சா, எல்லாப் பேரும் உள்ள போச்சா, ஆதரவற்ற பிள்ளைங்க, மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்க மாதிரி முன்னுரிமை உள்ளவங்களுக்கு குலுக்காம குடுத்தது எத்தனை, காத்திருப்போர் பட்டியல்ல பாப்பா பேர் இருக்கா. தேர்வான பிள்ளை சேரலன்னா அந்தப் பட்டியல்ல இருந்து தான் கூப்பிடுவாங்க. கிடைக்கலன்னா அரசுப் பள்ளியில தைரியமா சேருங்க, ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுக்கு காலேஜ் போறப்ப புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வருது, டாக்டர் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கு. 25 சதவீத சீட்டு பத்தி ஸ்கூல்ல சரியா பதில் சொல்லலைன்னா ஏற்காடு வட்டாரக் கல்வி அலுவலகத்துல எழுத்துல மனு குடுங்க, விண்ணப்ப நம்பரை அதுல குறிக்க மறக்காதீங்க.